வலைத்தளப் பெயர்ப்பும் மூலபாடக் காப்பும்

முன்னுரை

தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டிற்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்பெறும் மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. 1876 முதல் 1950 வரை வாழ்ந்த அடிகள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1911 வரை தமிழ் கற்பித்தார். அக்கல்லூரி பின்னர் 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. கல்லூரிப் பணியை விடுத்தபின் அடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்து நூல் பல இயற்றினார். தாம் முன்னர் எழுதிய நூல்களை மறுபதிப்பிடுங்கால், அவற்றிற் பயின்ற வடசொற்களைக் களைந்து தமிழ்ச்சொற்களைப் பெய்தார். 'ஞானசாகரம்' எனத் தொடங்கிய தம் இதழையும் 'அறிவுக்கடல்' எனப் பெயர் மாற்றினார்.

ஒரு நூல் ஒரு பதிப்பினின்று மற்றொரு பதிப்பிற்குப் பெயருங்கால் நேரும் மாற்றம் இருவகைத்து. ஆசிரியர் அறிந்து செய்வது திருத்தம். எவரும் அறியாது புகுவது பிழை. ஏட்டினின்று அச்சிற்கு நூல்கள் பெயர்ந்தபொழுது இவ்விரண்டையும் பிரித்தறிதலே பதிப்பாசிரியரின் தலையாய கடமையாயிற்று. இன்று நூல்கள் அச்சினின்று வலைத்தளத்திற்குப் பெயர்ந்துள்ளன. அவ்வளவில் நில்லாது, வலைத்தளத்தின் ஓரமைப்பினின்று மற்றோரமைப்பிற்கும் பெயர்ந்துகொண்டிருக்கின்றன. இப்பெயர்ச்சிகளுள் அண்மையிற் பரவியது, கணினியாளர் 'ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்' என வழங்கும் கருவிகட்கு மாறுதலாகும். இக்கருவியை ஈண்டு 'நிலைத்தள ஆக்கி' எனக் குறிப்போம். அஃது யாது, அதற்கு முந்தி மாறியோர் பெற்றதும் இழந்ததும் யாவை, தமிழ் மூலங்களை அதனிடம் ஒப்படைக்குமுன் ஆராய வேண்டுவன யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைப்பக்கமும் இயங்குபக்கமும்

1991-இல் உலகளாவிய வலை பொதுமக்கட்குத் திறக்கப்பட்டபொழுது, அதன் பக்கங்கள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்ட கோப்புகளாகவே இருந்தன. கேட்பவர் கேட்டவுடன் வழங்கி அக்கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும். இது நிலைப்பக்கம். நூலகர் அலமாரியினின்று நூலை எடுத்துத் தருதலை ஒப்பது.

பின்னர் வேறொரு முறை வலுப்பெற்றது. கட்டுரைகள் யாவும் தரவுத்தளத்தில் துண்டுதுண்டாக வைக்கப்படும். ஒருவர் பக்கத்தைக் கேட்குந்தோறும், நிரலொன்று அத்துண்டுகளைத் திரட்டிக் கோத்து, தலைப்பும் ஓரப்பட்டியும் சேர்த்து, அந்நொடியில் ஒரு பக்கத்தை ஆக்கித் தரும். இது இயங்குபக்கம். 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் இம்முறையின் பெருவழக்கான சான்று. எழுதுதல் எளிது, கருத்துரை பெறுதல் எளிது என்பன இதன் நன்மைகள். ஆயினும் நிரலும் தரவுத்தளமும் இடையறாது இயங்க வேண்டும். அவற்றைப் புதுப்பித்துக் காக்க ஆள் வேண்டும். நிதிநல்கை முடிந்த ஆய்வுத் திட்டங்களின் தளங்கள் சில ஆண்டுகளில் மறைந்தொழிதற்கு இதுவே பெரிதும் காரணம்.

நிலைத்தள ஆக்கி இவ்விரண்டின் நன்மையையும் ஒருங்கே பெற முயல்வது. ஆசிரியர் தம் உரையை எளிய எழுத்துக் கோப்பாக எழுதி வைப்பார். பக்கத்தின் தோற்றம் வார்ப்புரு என்னும் வேறு கோப்பில் இருக்கும். ஆக்கி இரண்டையும் ஒருமுறை இணைத்துத் தளத்தின் பக்கங்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடும். அதன்பின் வழங்கிக்கு வேலை, பக்கத்தை எடுத்துக் கொடுப்பதொன்றே. ஆக்கப்பட்ட பக்கங்களை ஒரு குறுந்தகட்டிற் பதிந்து பிறரிடம் ஒப்படைக்கலாம். உரிய முறையில் ஆக்கினால் இணைய இணைப்பின்றியும் படிக்கலாம்.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்கத் தொல்காப்பிய மரபியல் கூறும் முதனூல், வழிநூல் என்னும் பாகுபாடு உதவும். எழுத்துக் கோப்பு முதனூலை ஒக்கும். ஆக்கப்பட்ட பக்கம் வழிநூலை ஒக்கும். வழிநூலின் வகைகளாகச் சொல்லப்பட்ட தொகுத்தல், விரித்தல் என்பனவற்றை ஆக்கி தானே செய்கின்றது. சான்றாக, திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் பால், இயல், அதிகாரம் ஆகியவற்றைக் குறித்துவிட்டால், 133 அதிகாரப் பக்கங்களையும் பொருளடக்கத்தையும் ஆக்கி தொகுத்து விடும். பரிமேலழகர் உரையிற் காணும் குறள் வைப்புமுறையும் மணக்குடவர் உரையிற் காணும் வைப்புமுறையும் வேறுபடுதலை அறிஞர் அறிவர். ஒரே முதனூலினின்று இவ்விரு வைப்புமுறைகளிலும் இருவேறு பதிப்புகளை ஆக்குதலும் இயலும். மூலத்தை இருமுறை படியெடுக்க வேண்டாமையின், படிதோறும் பிழை பெருகுதலும் இல்லை.

முந்தி மாறியோர்

டாம் பிரெஸ்டன்–வெர்னர் என்பார் 2008-இல் ஜெக்கில் என்னும் ஆக்கியை வெளியிட்டார். அதே ஆண்டில் கிட்ஹப் நிறுவனம் அதனைக் கொண்டு ஆக்கும் தளங்கட்குக் கட்டணமின்றி இடம் அளிக்கத் தொடங்கவே, நிரலாளர் பலர் தம் தளங்களை அதற்கு மாற்றினர். 2013-இல் ஸ்டீவ் பிரான்சியா ஹியூகோ என்னும் ஆக்கியை வெளியிட்டார். அது விரைவிற் சிறந்து விளங்கியது. கூபர்நெட்டிஸ் என்னும் மென்பொருளின் விளக்கத்தளம் 2018-இல் ஜெக்கிலினின்று ஹியூகோவிற்கு மாறியது. பல மொழிகளிற் பதிப்புகளை வெளியிட வேண்டியிருந்தமையும், பக்கங்களை ஆக்கும் காலத்தைக் குறைக்க விரும்பியமையும் அம்மாற்றத்திற்குக் காரணங்களாகும்.

முந்தி மாறியோர் அனைவரும் ஒருபடித்தான பயனை அடைந்தாரல்லர். ஜெக்கிலின்மேல் எழுப்பப்பட்ட ஆக்டோபிரஸ் என்னும் தொகுதியைப் பலர் விரும்பி ஏற்றனர். அதில் கருவியின் நிரலும் பயனரின் எழுத்தும் ஒரே தொகுப்பிற் கலந்து கிடந்தன. ஆதலின் கருவியின் புதிய பதிப்பிற்கு மாறுதல் பெருந்தொல்லையாயிற்று. அக்கருவியின் வளர்ச்சியும் பின்னர் நின்றது. எனினும் அவர்தம் எழுத்துகள் அழியவில்லை. அவை மார்க்டவுன் என்னும் எளிய எழுத்து நடையில் இருந்தமையின், பயனர் அவற்றை எடுத்துக்கொண்டு வேறு ஆக்கிக்குச் சென்றனர். 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன், எக்கருவியும் இன்றி வெறுங்கண்ணாற் படிக்கத்தக்கதாதலே இதற்குக் காரணம்.

தரவுத்தளத்தை விட்டுப் பெயர்தல் இத்துணை எளிதன்று. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம் 2018-இல் அதன் எட்டாம் பதிப்பு வெளிவரும்வரை, இலத்தீன் எழுத்துக் குறியேற்றத்தையே தன் இயல்பாகக் கொண்டிருந்தது. அமைப்பை மாற்றாது அதிற் சேர்த்த தமிழ் உரை, தன் தளத்திற் சரியாகத் தோன்றினும், வெளியே எடுக்குங்கால் பொருளற்ற இலத்தீன் குறிகளாகச் சிதைந்து வருதல் உண்டு. சிதைந்ததைப் பெரும்பாலும் மீட்கலாம். ஆயின் சிதைந்ததென்பதை உடனே கண்டறிய வேண்டும்.

மதுரைத் திட்டத்தின் பட்டறிவு

தமிழில் இத்தகைய பெயர்ச்சியை முன்னரே கண்டது மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அது தொடங்கப்பெற்றது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி உள்ளீடு செய்தும் பிழை திருத்தியும் உதவினர். நூல்கள் நிலைப்பக்கங்களாகவே வெளியிடப்பெற்றன.

அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் பலவாயினும் குறியேற்றம் ஒன்றாக இல்லை. ஒரு குறியெண் ஓர் எழுத்துருவில் ஓரெழுத்தையும் மற்றோர் எழுத்துருவில் பிறிதோரெழுத்தையும் காட்டிற்று. இந்நிலையைப் போக்க இணையவழிக் கலந்துரையாடலில் உருவாகிய தரப்பாடு தஸ்கி. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசின் சார்பில் டாம், டாப் என்னும் தரப்பாடுகள் வந்தன. மதுரைத் திட்டம் தஸ்கியை ஏற்று நூல்களை வெளியிட்டது. பின்னர் ஒருங்குறி வலுப்பெற்றபொழுது ஒருங்குறிப் பதிப்புகளையும் வெளியிட்டது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

தஸ்கியினின்று ஒருங்குறிக்குப் பெயர்தல் ஒரெழுத்திற்கு ஓரெழுத்தை இடும் வேலையன்று. தஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையிற் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாக, ஒலிக்கும் வரிசையில் இருக்கும். வரிசையையே மாற்றியமைக்க வேண்டும். ஆயினும் விதி திட்டவட்டமானதாதலின் அதனை எந்திரமே செய்யலாயிற்று. நூல்கள் தெளிந்த எழுத்துக் கோப்புகளாக இருந்தமையும், எக்குறியேற்றத்தில் உள்ளன என்பது வெளிப்படையாக அறியப்பட்டிருந்தமையும் இதற்கு உதவின. படமாகவோ, பெயர் தெரியா எழுத்துருவிலோ இருந்திருப்பின் மீண்டும் கையால் உள்ளிட நேர்ந்திருக்கும்.

மதுரைத் திட்டத்தில் இன்னும் இரண்டு நல்வழக்கங்களைக் காணலாம். நூல்தோறும் தொடரெண் இட்டு, அவ்வெண்ணையே கோப்பின் பெயரிற் சேர்த்தனர். நூலின் தலையில், உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் குறித்தனர். ஏடு எழுதியோன் பெயரும் காலமும் ஏட்டின் இறுதியிற் குறிக்கப்பெறும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

அடியும் எண்ணும்

தமிழ்ச் செய்யுளை நிலைத்தள ஆக்கியில் இடுங்கால் நேரும் இடர்கள் சில உள. இவை கருவியின் குற்றமல்ல. உரைநடைக்கென வகுத்த விதிகள் செய்யுளின்மேற் செல்லுதலால் விளைவன.

முதலாவது, அடி. மார்க்டவுனில் அடுத்தடுத்த வரிகள் ஒரே பத்தியாக இணைந்துவிடும். ஆசிரியப்பாவின் பன்னிரண்டு அடிகளை வரிக்கு ஒன்றாக எழுதினாலும், பக்கத்தில் அவை இடையறவின்றி உரைநடைபோல் ஓடும். அடிவரையறையின்றித் தொடர்ந்தெழுதும் ஏட்டுமுறைக்கே திரும்பியவாறாம். இதனைத் தவிர்க்க அடியின் ஈற்றில் இரண்டு வெற்றிடங்களோ பின்சாய்கோடோ இடல் வேண்டும். வெற்றிடம் கண்ணுக்குப் புலப்படாமையின், மெய்ப்புப் பார்ப்போர் அறியாதே அதனை நீக்கிவிடுதல் கூடும்.

சிலர் இவ்விடரைப் போக்க, வரிமுறிவைக் குறிக்கும் எச்.டி.எம்.எல். குறியை மூலத்திலேயே இட்டனர். ஹியூகோ 2019 நவம்பரில் வெளியிட்ட 0.60 பதிப்பில், மார்க்டவுனைப் பக்கமாக்கும் உட்கருவி மாற்றப்பட்டது. புதிய உட்கருவி, மூலத்திற் கலந்த எச்.டி.எம்.எல். குறிகளைப் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே விலக்கிற்று. ஓர் அமைப்பை மாற்றினால் அவை மீளும். ஆயினும் மாற்றத்தை அறியாது தளத்தைப் புதுப்பித்தவர் பக்கங்களில் அக்குறிகள் காணாமற் போயின. அடியை அக்குறியால் மட்டுமே பிரித்திருந்த செய்யுள் அந்நாளில் உரைநடையாகியிருக்கும்.

இரண்டாவது, எண். இதுவே ஆய்வாளர் பெரிதும் அஞ்சத்தக்கது. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்ணுக்குரிய பாட்டுகள் கிடைத்தில. உ. வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக நானூறு என்னும் எண்முறை போற்றப்பட்டு வருகின்றது. இதன் பாட்டு முதற்குறிப்புகளை 266, 269, 270 என எண்ணும் புள்ளியும் இட்டு மார்க்டவுனில் எழுதுவதாகக் கொள்வோம். கருவி இதனை எண்ணிட்ட பட்டியலெனக் கொள்ளும். இக்காலத் தரப்பாடு பட்டியலின் முதலெண்ணை மட்டுமே ஏற்கும். ஏனையவற்றைத் தானே ஒன்றொன்றாகக் கூட்டிக்கொள்ளும். எனவே 269-ஆம் பாட்டு 267 என்னும் எண்ணோடு தோன்றும். நூலின் இறுதிப்பாட்டு 398 ஆகும். ஐங்குறுநூற்றில் 129, 130, நற்றிணையில் 234 ஆகிய பாட்டுகள் இன்மையின் ஆண்டும் இஃதே நேரும். மூலக் கோப்பிற் பிழையில்லை. பக்கத்திலோ இழந்த பாட்டிருந்த இடமே மறைந்துவிடும். மாணவர் ஒருவர் அவ்வெண்ணை மேற்கோளாக ஆய்வேட்டிற் சேர்ப்பின், பிழை அச்சிலும் ஏறும். பாட்டெண்ணைப் பட்டியலாக இடாது, கோப்பின் தலையில் தனிப்புலமாகக் குறித்தலே தக்க முறை.

மூன்றாவது, சிதைவுக்குறி. சிதைந்த பகுதியைக் காட்டத் தனிவரியில் மூன்று உடுக்குறி இடுவோமாயின், கருவி அதனைப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடாக மாற்றிவிடும். படிப்பவர் அதனைப் பகுதி முடிவெனக் கொள்வரேயன்றிச் சிதைவென அறியார்.

எழுத்தும் அகரவரிசையும்

ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் வகையில் அடங்கா. அவை சார்குறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. தலைப்பினின்று பக்கத்தின் முகவரியை ஆக்கும் நிரல், எழுத்துகளை மட்டும் நிறுத்திப் பிறவற்றை நீக்குமாயின், 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். புதிய ஆக்கியைத் தேர்வோர் முதற்கண் இச்சொல்லை இட்டுப் பார்த்தல் நலம்.

சொல்லடைவு ஆக்குவோர்க்கு வேறோர் இடர் உண்டு. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும், வகரம் அவற்றின் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசையில் அடுக்கும் ஆக்கி, கனவு, கறவை, கலம், களம், கழல், கவலை என நிறுத்தும். தமிழ் நெடுங்கணக்கின்படி நிற்க வேண்டியது கலம், கவலை, கழல், களம், கறவை, கனவு என்பதாம். அவ்வாறே, மெய் முன்னும் உயிர்மெய் பின்னுமாக வரும் அகராதி முறைக்கு மாறாக, 'பகல்' என்பது 'பக்கம்' என்பதற்கு முன் நிற்கும். தமிழ் வரிசையறிந்து அடுக்கும் நிரற்பகுதிகள் இன்று உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும்படி ஆக்கியைப் பணித்தல் நம் கடன்.

இன்னும், ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் இடலாம்; கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பெயர்க்குமுன் மூலம் முழுவதையும் ஒரு முறைப்படுத்தாவிடின், தேடுவோர்க்குச் சொற்கள் அகப்படாமற் போதல் கூடும்.

முகவரியின் நிலைபேறு

அச்சு நூலின் பக்க எண் மாறாதது. வலைப்பக்கத்தின் முகவரியோ ஆக்கியை மாற்றுந்தோறும் மாறக்கூடும். ஆய்வேடுகளில் மேற்கோளாகக் காட்டிய முகவரி இறந்துபடின், மேற்கோளும் இறந்ததாம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்–லீ முகவரிகள் மாறலாகாது என 1998-இலேயே வற்புறுத்தி எழுதினார். தமிழிலேயே முகவரி அமைத்தலும் இயலும். ஆயின் அதனைப் படியெடுத்து ஒட்டுங்கால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இலத்தீன் குறிகளாக விரிதல் உண்டு. 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே நாற்பத்தைந்து குறிகளாகும். அடிக்குறிப்பில் அச்சிடத்தக்கது அன்று அது. நூலெண்ணும் பாட்டெண்ணும் கொண்டு குறுமுகவரி அமைத்தலே நன்று. மதுரைத் திட்டம் எண்ணைக் கோப்புப் பெயரிற் சேர்த்தது இவ்வகையிற் பின்பற்றத்தக்கது.

தேர்வுக்குரிய அளவுகோல்

இதுகாறும் கூறியவற்றான், எந்த ஆக்கி சிறந்தது என்னும் வினா முதன்மையானதன்று என்பது தெளிவாகும். விரைவிற் சிறந்தது இன்றொன்று, நாளை மற்றொன்று. முதன்மையான வினா, இவ்வாக்கி நாளையே மறைந்துவிடின் நம் கையில் எஞ்சுவது யாது என்பதே. ஒருங்குறி எழுத்துக் கோப்புகளும் அவற்றின் தலையிற் குறித்த எண், திணை, துறை, பாடினோர் பெயர் முதலியனவும் எஞ்சுமாயின், அவ்வாக்கிக்கு முந்தி மாறுதலில் அச்சமில்லை. ஆக்கிக்கே உரிய தனிக்குறிகள் மூலத்தினூடே விரவிக் கிடக்குமாயின், எத்துணைப் புகழ்பெற்ற கருவியாயினும் அதனை நாடுதல் தகாது.

ஒன்று கூறல் வேண்டும். நிலைத்தளம் எல்லாத் தேவையையும் நிறைவேற்றாது. வழங்கியில் நிரல் இன்மையின், தேடுதலுக்கு முன்கூட்டியே அடைவு ஆக்கிப் படிப்பவரின் உலாவியிலேயே தேடச் செய்தல் வேண்டும். பெருந்தொகுப்பில் அவ்வடைவு சுமையாகும். நாடோறும் பலர் எழுதும் தளத்திற்கும் இயங்குபக்க முறையே ஏற்றது. ஆயின் எழுதி முடிந்த இலக்கிய மூலங்கள், பழைய இதழ்த் தொகுதிகள், சொல்லடைவுகள் ஆகியவற்றிற்கு நிலைத்தளமே பொருந்தும்.

மாறத் துணிவோர் பழைய தளத்தை உடனே நீக்காது, இரண்டையும் சிலகாலம் ஒருங்கே வைத்து, பாட்டெண்ணும் அடியெண்ணிக்கையும் ஒத்துள்ளனவா என ஒப்புநோக்குதல் வேண்டும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்னும் கருவியில் மூலக் கோப்புகளை வைப்பின், எவ்வெழுத்து எந்நாளில் எவரால் மாற்றப்பட்டது என்பது பதிவாகும். ஏடு ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த பதிப்பாசிரியர்கட்கு இத்தகைய துணை வாய்த்திலது.

முடிவுரை

கணினியாளர் அமைக்கும் தளத்தில் தமிழாசிரியர்க்கு வேலையில்லை என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. 269 என்பது 267 ஆனதைக் கணினியாளர் காணார். அவர்க்கு அது வரிசை பிசகாத பட்டியல். 'கனவு' முன்னும் 'கவலை' பின்னும் நிற்றலும் அவர்க்குப் பிழையாகத் தோன்றாது. அப்பிழைகளைக் காண வல்லவர் புறநானூறு பயின்றவரும் நெடுங்கணக்கு அறிந்தவருமேயாவர். ஆதலின் தம் துறையின் தொகுப்புகள் புதிய அமைப்பிற்குப் பெயர்க்கப்படுங்கால், பட்ட மேற்படிப்பு மாணவர் உடனிருந்து ஒப்புநோக்குதலைப் பதிப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளல் தகும்.

அடிகள் தம் நூலின் சொல்லை மாற்றியபொழுது, எதனை மாற்றுகின்றோம், ஏன் மாற்றுகின்றோம் என்பதை அறிந்தே மாற்றினார். அவர் பெயர் தாங்கிய ஊரிலிருந்தாயினும் வேறெங்கிருந்தாயினும், தமிழ் மூலத்தைப் புதிய கருவிக்கு மாற்றும் எவரும் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே. தோற்றம் மாறலாம், கருவி மாறலாம், மூலத்தில் நாம் அறியாத மாற்றம் ஓர் எழுத்தளவும் புகுதலாகாது.